பெயர் சொல்லி நன்றி சொன்ன பக்கம்

“மேலே அட்ரஸ் பார்னு ஒரு நீளப் பெட்டி இருக்குமே, அதுல என்ன இருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்கவே வேணாம் மேடம். படமே இருக்கு. என்னை யாரும் நம்புறதில்லைன்னு ஆனப்புறம், எதை அமுக்கினாலும் ஒரு படம் எடுத்து வச்சுக்கிறேன்.”

அந்தப் பெண் தன் போனை மேசையின் குறுக்கே தள்ளினாள். மேசை முழுக்க கண்ணாடித் தூள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை அது. அங்கே லென்ஸ் தேய்ப்பதுதான் அவள் வேலை. போனைத் தள்ளிய இடது கை மணிக்கட்டுக்குள் இரண்டு எஃகுக் கம்பிகள் இருந்தன. வைத்தது மருத்துவர், வைக்க வைத்தது புருஷன்.

போனை எடுத்துக்கொண்டவருக்கு ஊரில் நிதானம் என்று பெயர். துப்பறிவதில் இருபது வருடமாகியும் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளன் ரேடியோ. அவன் வாய் மூடியும் யாரும் பார்த்ததில்லை.

“முதல் வீட்டுல அஞ்சு மாசம். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னதால கிளம்புனீங்க. ரெண்டாவது வீடு ரெண்டு நாள். மூணாவது வீடு ஒன்றரை நாள்.” ரேடியோ விரல் விட்டு எண்ணினான். “உங்க புருஷன் கண்டுபிடிக்கிறதுல போகப் போகத் தேறிக்கிட்டே வர்றாரு.”

“அவர் லிஃப்ட் மெக்கானிக் சார். கையில ஒரு டூல்ஸ் பை இருந்தாப் போதும், எந்தக் கட்டடத்துலயும் யாரும் நிறுத்த மாட்டாங்க. மூணாவது வீட்டுல நான் கடைக்குப் போயிட்டு லிஃப்ட்டுல ஏறினேன். கதவு மூடுறப்போதான் பார்த்தேன், உள்ளே ஓரமா உட்கார்ந்து பலகையைக் கழட்டிக்கிட்டு இருந்தது அவர். ‘எத்தனாவது மாடி மேடம்?’னு சிரிச்சுக்கிட்டே கேட்டார்.”

ரேடியோ எண்ணிக்கொண்டிருந்த விரல்களை மடக்கிக்கொண்டான்.

கோர்ட் அவளுக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பு உத்தரவில் ஒரே ஒரு நிபந்தனை. வீடு மாறினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் உதவி மையத்தின் இணையதளத்தில் புது விலாசத்தைப் பதிய வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து. ரத்தானால் ஏழு வயது மகளை வாரக் கடைசியில் அவனோடு அனுப்பியாக வேண்டும். பதிந்தால் அவன் வந்து நிற்கிறான். மையத்தின் இயக்குநரோ, விலாசத்தை அவளே அவனுக்குச் சொல்லிவிடுவதாகச் சந்தேகப்பட்டுக் கடிதம் எழுதியிருந்தார். நான்காவது வீட்டுக்குக் குடி வந்தது நேற்று மாலை ஐந்து மணிக்கு. சுவர்க் கடிகாரத்தில் இப்போது மணி இரண்டு ஐம்பது.

நிதானம் இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். முதல் வீட்டைப் பதிந்தபோது எடுத்தது ஒன்று, மூன்றாவது வீட்டைப் பதிந்தபோது எடுத்தது இன்னொன்று. இரண்டிலும் ஒரே ரோஜாப் படம், ஒரே மாதிரி நன்றி.

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?” என்றான் ரேடியோ.

“பழசுல அட்ரஸ் பார் ‘நன்றி’ன்னு முடியுது. புதுசுல ‘பதிவு’ன்னு முடியுது. திரையில நன்றி வந்தாச்சு, மேலே மட்டும் இன்னும் பதிவுன்னே நிக்குது. ஆள் வீட்டுக்குள்ள வந்த பிறகும் செருப்பு போன வீட்டு வாசல்லயே கிடக்குற மாதிரி.” அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “ரெண்டாவது வீட்டைப் பதிஞ்சப்போ?”

“அப்பவும் மாறலை மேடம்.”

“அப்போ மாறினப்போ அஞ்சு மாசம் நிம்மதி. மாறாதப்போ ரெண்டு தடவையும் ஆள் வந்து நின்னிருக்கான். இன்னொண்ணும் இருக்கு. பழசுல ‘நன்றி சகோதரி’ன்னு பொதுவா போட்டிருக்கு. புதுசுல உங்க பேரைச் சொல்லி நன்றி சொல்லுது. இந்தப் பக்கத்துக்கு உங்க பேர் எப்படித் தெரிஞ்சுது?”

அந்தப் பெண் போனையே பார்த்தாள். “எனக்கு அது ஆறுதலா இருந்துச்சு மேடம்,” என்றாள் மெதுவாக. “ரொம்ப நாள் கழிச்சு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.”

மூன்றாவது வீட்டின் நன்றிப் பக்கம் போனில் இன்னும் மூடப்படாமல் திறந்தே கிடந்தது. ரேடியோ பழக்கதோஷத்தில் அதைப் புதுப்பிக்கக் கீழே இழுத்துவிட்டான். திரை ஒரு கேள்வி கேட்டது: நீங்கள் அனுப்பிய விவரங்களை மீண்டும் அனுப்பவா?

நிதானம் போனைப் பிடுங்கினார். அவர் இத்தனை வேகமாக அசைந்து ரேடியோ பார்த்ததே இல்லை.

“வெறும் நன்றிச் சீட்டுன்னா மறுபடி அனுப்ப அதுகிட்ட என்ன இருக்கும்?” என்றார். “பேரு, விலாசம் எல்லாத்தையும் மடியிலயே கட்டிக்கிட்டு நிக்குது. கிளம்பு ரேடியோ.”

வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்: “மையத்துல எங்க போனை வாசல்லயே வாங்கி வச்சுருவாங்க. அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ் நம்பர்லேருந்து போன் வரும். அது வர்ற வரைக்கும் எதையும் அமுக்காதீங்க.”

“சரி மேடம். பாப்பா நாலு மணிக்கெல்லாம் ஸ்கூல் விட்டு வந்து தனியாத்தான் இருப்பா. அதான் பயமா இருக்கு.”

“அஞ்சு மணிக்குள்ள கூப்பிடுறேன்,” என்றார் நிதானம் மறுபடியும்.

*

உதவி மையத்தின் வரவேற்பறையில் சாம்பல் நிற நாற்காலிகள் வரிசையாக இருந்தன. உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி போன்களை வாங்கிச் சிறிய இரும்புப் பெட்டிகளில் போட்டுப் பூட்டினார். உள்ளே யாரும் யாரையும் படம் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. வேலை செய்பவர்களுக்கும் அதேதான். ஆபத்து என்று கூப்பிடுகிறவர்களுக்கான உதவி எண் மட்டும் விலக்கு. அது ஒரு கைபேசியில் உள்ளே ஒரு மேசையில் இருந்தது.

அனுமதிக் கடிதம் மேலே போய்க் கையெழுத்தாகி வரும்வரை இருவரும் கவுன்ட்டருக்கு அருகே காத்திருந்தார்கள்.

“எனக்கு இன்னும் புரியலை மேடம்,” என்றான் ரேடியோ. “அட்ரஸ் பார் மாறினா என்ன, மாறலைன்னா என்ன?”

“அங்க பாரு.”

கவுன்ட்டரில் ஒரு பெண் எதையோ கேட்டாள். எழுத்தர் தலை நிமிராமல், “அது இங்க இல்லைம்மா. மூணாம் நம்பர் ரூமுக்குப் போங்க,” என்றார். அவள் எழுந்து, தாழ்வாரத்தில் நடந்து, மூன்றாம் எண் அறையின் கதவைத் தட்டினாள். அங்கே முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.

“இது பழைய முறை. ‘அங்க போ’ன்னு போன்கிட்டயே சொல்லிடுறாங்க. போன் தானா நடந்து போய்ப் புதுசாக் கேக்குது. எங்க போறோம்னு போனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அட்ரஸ் பார் மாறுது. ஆனா போறது வெறுங்கையோட. மூணாம் ரூம்ல இருக்கிறவருக்கு இவ யாருன்னே தெரியாது.”

அடுத்து வந்தது ஒரு முதியவள். நடக்க முடியாதவள். எழுத்தர் அவளுடைய படிவத்தை வாங்கி, பின்பக்கச் சுவரிலிருந்த சின்னப் பலகணி வழியாக உள்ளே நீட்டினார். “நீங்க உட்காருங்கம்மா, வந்துரும்.” முதியவள் உட்கார்ந்தாள். பலகணிக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு மறைந்தது.

“இது புது முறை,” என்றார் நிதானம். “அவளைப் பொறுத்தவரைக்கும் இதே கவுன்ட்டர்தான். எங்கயும் நகரலை. அதனால அட்ரஸ் பாரும் மாறலை. ஆனா உள்ள காகிதம் முழுசா கை மாறிடுச்சு.”

ரேடியோ அந்தப் பலகணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நீர்ப்பரப்புக்கு மேலே ஒரு நொடி தெரிந்து மூழ்கிய மீனைப் போல இருந்தது அந்தக் கை.

“அந்தக் கை யாருதுன்னு அவங்க கேக்கவே இல்லையே மேடம்.”

“அதைத்தான் நாம கேக்கப் போறோம்.”

*

புரோகிராமரை மையத்தில் எல்லாரும் ஸ்வெட்டர் என்று அழைத்தார்கள். சர்வர் இருந்த குளிரறையிலேயே அவர் மேசையும் இருந்ததால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் பச்சை ஸ்வெட்டர்தான்.

“சர்வர்ல விலாசங்களைப் பூட்டி வச்சிருக்கிற பெட்டகத்தை யாருமே திறக்கலை,” கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். “சாவி ரெண்டு பேர்கிட்டதான். நான், இயக்குநர். திறந்தா நேரத்தோட பதிவாகும். இந்தாங்க, நீங்களே பாருங்க.”

“பெட்டகம் இருக்கட்டும். நன்றிப் பக்கத்துக்கு முன்னாடி போனைத் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்தீங்க. இப்போ உள்ளுக்குள்ளயே கைமாத்தி விடுறீங்க. எப்போ மாத்துனீங்க?”

ஸ்வெட்டர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவருடைய வேலையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதே இல்லை போலிருந்தது.

“மூணு மாசம் ஆச்சு மேடம். இங்க பதியிறவங்க வச்சிருக்கிறது எல்லாம் பழைய போன். சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். சர்வர் ‘அங்க போ’ன்னு சொல்லும், போன் ரெண்டாவது தடவை வர்றப்போ பாதி வழியில நின்னுரும். திரை வெள்ளையா இருக்கும். பதிஞ்சுதா இல்லையான்னு தெரியாம ராத்திரியெல்லாம் அழுதிருக்காங்க. அதான் ஒரே நடையில முடியிற மாதிரி மாத்தினேன். அப்புறம் ஒரு புகார் கூட வரலை.”

“நல்ல மனசு சார்,” என்றான் ரேடியோ. “குளிருக்கு உங்களுக்கு ஸ்வெட்டர். அவங்களுக்குத்தான் போர்த்திக்க ஒண்ணுமில்லாமப் போச்சு.”

“என்ன சொல்றீங்க?”

“கைமாத்தி விடுறப்போ, படிவத்துல எழுதினது அத்தனையும் கூடவே போகும் இல்லையா?” என்றார் நிதானம்.

“போகும். ஆனா போற இடம் நன்றிப் பக்கம்தானே மேடம். அதுல என்ன இருக்கு? ரெண்டு வரி ஆறுதல். கூடவே ‘பதிஞ்சாச்சு’ன்னு அவங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி.”

“எழுதுறது யார்?”

“பெரியக்கா. உதவி எண்ணுல பேசுறவங்க. நான் எழுதினா மெஷின் பேசுற மாதிரி இருக்குன்னாங்க. அதனால அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவங்களே திருத்திக்கலாம்னு விட்டிருக்கேன். பெட்டகம் பக்கமே அவங்க வர முடியாது.”

“பேர் சொல்லி நன்றி சொல்றது?”

“அது நான் சொல்லிக் குடுத்தது. வளைவு அடைப்புக்குள்ள ‘பெயர்’னு எழுதினா, பதிஞ்சவங்க பேர் தானா வந்து உட்காரும்.” அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “முன்னாடி அதைப் பண்ண முடியாது. வெறுங்கையோட வர்ற பக்கத்துக்குப் பேர் எங்கேருந்து தெரியும்? இப்பதான்...”

“வளைவு அடைப்புக்குள்ள ‘விலாசம்’னு எழுதினா?”

ஸ்வெட்டர் விசைப்பலகையை இழுத்து, நன்றிப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்தார். இத்தனை நாளில் அதை அவர் திறந்து பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. பூட்டுப் போட்ட அறைகளைத்தான் எல்லாரும் சோதித்தார்கள்.

ரோஜாப் படம், இரண்டு வரி ஆறுதல், பெண்ணின் கைபேசிக்குப் போகும் குறுஞ்செய்தி. அதற்குக் கீழே இன்னொரு குறுஞ்செய்தி. போகும் இடம், உதவி எண். உள்ளே இரண்டே இரண்டு சொற்கள், வளைவு அடைப்புகளுக்குள்: பெயர், விலாசம்.

“இது நான் எழுதலை,” என்றார் ஸ்வெட்டர்.

“தெரியும். இந்தப் பக்கத்துல கை வைக்கக் கூடியவங்க ஒருத்தர்தானே. உங்க பூட்டுல தப்பு இல்லை. பூட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே காகிதத்தை ஒருத்தர் படிச்சுட்டுப் போறார்.” நிதானம் எழுந்தார். “பக்கத்தைப் பழையபடி மாத்துங்க. இப்பவே. மணி என்ன?”

“நாலு பத்து,” என்றான் ரேடியோ.

*

தாழ்வாரத்தின் கடைசி அறை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து வந்த குரல், காய்ச்சல் நெற்றியில் வைத்த ஈரத்துணி மாதிரி இதமாக இருந்தது.

“...பதிஞ்சிருச்சாம்மா? நல்லதும்மா. அஞ்சு மணி அஞ்சு மணின்னு நான்தான் பதறிக்கிட்டு இருந்தேன். இனி ஒண்ணும் ஆகாது. போனை வை.”

நிதானம் கதவைத் தள்ளினார். மேசைக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண்மணி. வெள்ளைப் புடவை, மூக்குக்கண்ணாடி. கையில் உதவி எண்ணின் கைபேசி. கட்டைவிரல் எதையோ தட்டி முடித்தது. அவர் நிமிர்ந்து, போனைக் கவிழ்த்து வைத்தார்.

“சொல்லுங்கம்மா.”

“இப்போ யார்கிட்டப் பேசினீங்க?”

“கண்ணாடிக் கடைப் பொண்ணு. இன்னைக்குக் கெடு முடியுதே, ஞாபகப்படுத்தினேன். நான் கூப்பிடுவேன்னு காத்துக்கிட்டே இருந்தாளாம். ஒரே தடவை சொன்னேன், அமுக்கிட்டா.”

ஆபீஸ் நம்பரிலிருந்து போன் வரும். அது வரைக்கும் அமுக்காதீங்க. தன் வாயால் சொன்னது நிதானத்துக்கு இப்போது தன் காதிலேயே கேட்டது. அவர் கையை நீட்டி அந்தப் போனைத் திருப்பினார்.

நான்கு பதினொன்றுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. பெயர், விலாசம். நான்காவது வீடு, கதவு எண்ணோடு. நான்கு பன்னிரண்டுக்கு அது வாட்ஸ்அப்பில் வேறொரு எண்ணுக்குப் போயிருந்தது. அந்த எண்ணின் மேல் பெரியக்கா பதிந்து வைத்திருந்த பெயர்: ‘பாப்பாவின் அப்பா’. செய்திக்குக் கீழே இரண்டு குறிகள் நீலமாகியிருந்தன. படித்துவிட்டான்.

“ரேடியோ, ஓடு. வாசல்ல நம்ம போனை எடு. முதல்ல போலீஸ், அடுத்தது அவ. பாப்பா கதவைத் திறக்கவே கூடாது.”

ரேடியோ போய்விட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தையும் பேசாமல்.

“இப்போ அவன் எங்க இருக்கான்?”

பெரியக்காவின் முகத்தில் குற்றம் பிடிபட்ட பயம் இல்லை. புரியாமைதான் இருந்தது. “பஸ் நிலையத்துக்கு எதிர்க்க ஒரு கட்டடத்துல வேலைன்னு சொன்னார். ஏம்மா? அவர் குழந்தையைப் பார்க்கத்தானே போறார்.”

பஸ் நிலையம். அங்கிருந்து அந்த வீட்டுக்கு வண்டியில் ஐந்து நிமிடம். போலீஸுக்கு இருபது.

“அவர் இந்த நம்பருக்கு வாரா வாரம் கூப்பிடுவார்,” என்றார் பெரியக்கா. “அழுவார். ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. எங்கப்பா வீட்டை விட்டுப் போனப்போ எனக்கு ஆறு வயசு. ஒரு நாள் கூட அந்த மனுஷன் என்னைத் தேடி வரலை. பதினஞ்சு வருஷம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். தேடி வர்ற அப்பா கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா. அவளுக்குப் பிடிவாதம். கொஞ்ச நாள் போனா...”

“அவ இடது கையில ரெண்டு கம்பி இருக்கு.”

“மாடிப்படியில விழுந்துட்டதா...”

“சொன்னது யாரு? அவளா, அவனா?”

பெரியக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மூணாவது வீட்டுல அவன் குழந்தையைப் பார்க்க வரலைக்கா. அன்னைக்குக் குழந்தை ஸ்கூல்ல இருந்துச்சு. அவனுக்கு அது தெரியும். லிஃப்ட்டுக்குள்ள உட்கார்ந்து இவளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தான். கதவு மூடினப்புறம், ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட்டை நிறுத்தினான். நாற்பது நிமிஷம்.”

மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையை நோக்கிப் போன பெரியக்காவின் கை பாதியில் நின்றது. வெளியே ரேடியோ யாரிடமோ விலாசத்தைச் சத்தமாகச் சொல்வது கேட்டது, எண்ணை இரண்டு தடவை.

“எனக்குத் தெரியாதும்மா,” என்றார். “சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தெரியாதுதான். இப்போ தெரிஞ்சுது.” நிதானம் அந்த எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேசையின் நடுவில் வைத்தார். மணி அடித்தது. ஒன்று. இரண்டு. கடிகார முள் நான்கு பதினேழைத் தொட்டது. பெரியக்கா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார், அந்தப் போன் சுடுவது போல.

மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னணியில் வண்டிச் சத்தம். ஒரு ஹாரன். குரல் மட்டும் கெஞ்சலாக, பணிவாக, யாரும் நம்பிவிடக் கூடிய குரலாக இருந்தது.

“அக்கா! பார்த்துட்டேங்க்கா, கிளம்பிட்டேன். நீங்க நல்லா இருக்கணும். தெருவுக்குள்ள நுழையப் போறேன். ஏங்க்கா, ஏதாவது சொல்லணுமா?”

நிதானம் மேசையின் மேல் குனிந்தார். பெரியக்காவின் காதுக்கு மட்டும் கேட்கும்படி, மூச்சுக்குள் சொன்னார்:

“அவன் நம்புறது உங்களை மட்டும்தான். அது அவளோட பழைய வீடு, தப்பா வந்துருச்சு, அங்க போகாதேன்னு சொல்லுங்க. ஒரே ஒரு பொய் சொல்லுங்கக்கா.”